அரைத்தூக்க லேப்டாப்

அங்கயற்கண்ணி லேப்டாப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள். திரை இருண்டது. உள்ளேயிருந்த குட்டி விசிறி மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

“அண்ணே, அணைச்சாச்சுல்ல? முழுசாத் தூங்கேன்! எனக்குத் தலை கிறுகிறுக்குது,” என்றது விசிறி.

“அசந்துட்டா காலையில எழ நேரமாகும்டா. அக்கா திட்டுவாங்க,” என்றது லேப்டாப்.

மறந்த டிபன் பாக்ஸை எடுக்கத் திரும்பி வந்தவள் லேப்டாப்பைத் தொட்டாள், சுட்டது. அமைப்புகளைத் திறந்து, லேப்டாப்பை அரைத்தூக்கத்திலேயே வைத்திருக்கும் ‘வேகமாகத் தொடங்கு’ என்பதை நீக்கிவிட்டு மறுபடி அணைத்தாள். லேப்டாப் அடித்துப்போட்டதுபோல் தூங்கியது. அப்பாடா என்று விசிறியும் நின்றது.

காலையில் பட்டனைத் தட்டினாள். நேரமாகிவிட்டதே, திட்டு விழுமே என்று பதறியபடி லேப்டாப் மெல்ல எழுந்து பார்த்தால், நாற்காலி காலி. வழக்கம்போல டீ குடிக்கப் போயிருந்தாள்.

“தினமும் இப்படித்தானா, அண்ணே?” என்றது விசிறி.

லேப்டாப் ஆற அமர ஒரு கொட்டாவி விட்டது.