இனி நடிப்பு எதுக்கு?

திருகோணமலைத் துறைமுகத்தில் கள்ளரைத் துரத்தும்போது விழுந்து வலது கை அசையாமல் போனதாகக் கான்ஸ்டபிள் சிறில் போட்ட நட்டஈட்டு வழக்கு தள்ளுபடியானது.

“கையில ஒண்டுமில்லை, அவர் நடிக்கிறார் எண்டு அவற்ற மனுசி ஐவியே என்னட்டச் சொன்னவ” என்று அயல்வீட்டு ஜெசிந்தா சாட்சி சொல்லியிருந்தாள்.

நீதிமன்ற வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி ஐவி அழுதாள். “கிணத்தடியில அவளிட்ட வாய் விட்டிட்டன். எல்லாத்தையும் நானே கெடுத்திட்டன்.”

பிறகு கண்ணைத் துடைத்தாள்.

“வழக்கும் போச்சு. இனி நடிப்பு எதுக்கு? பிள்ளையைத் தூக்குங்கோ, வீட்ட போவம்.”

அவர் இடது கையை மட்டும் நீட்டினார்.

“மற்றக் கையாலயும் பிடியுங்கோவன்!”

சிறில் அவள் பக்கம் திரும்பினார்.

“அது அசையாது, ஐவி. நீ அழுவாய் எண்டுதான், நடிக்கிறன் எண்டு உன்னட்டச் சொன்னனான்.”