பனிக்குள் ஒரு ஜெபமாலை

கூப்பிடும் குரல் கேட்கட்டும் என்று சிலுவை மாமா மீட்புப் படகின் எஞ்சினை நிறுத்துகிறார். வெள்ளைப் பனியில் கடல் எது, வானம் எது என்று தெரியவில்லை. நேற்று மீன்பிடிக்கப் போய்க் கரை திரும்பாத ரெக்ஸனுக்கும், படகின் முன்பக்கம் நிற்கும் டெல்பினுக்கும் மாதா கோயிலில் திருமண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. அவன் பெயரைக் கூவிக் கூவி அவள் குரல் கம்முகிறது. "ஏளா, தொண்டைய மிச்சம் வையி. கல்யாணப் பூசையில சம்மதம்னு சொல்லணும்லா," என்று மாமா தன் சுக்குக் காப்பியை நீட்டுகிறார். ஒரு மடக்குக் குடிக்கிறாள். படகில் நீர் மோதுவது மட்டும் கேட்கிறது. இம்முறை அவள் அவன் பெயரைக் கூப்பிடவில்லை. ஜெபமாலையில் முன்னே சொல்பவளைப்போல, "அருள் நிறைந்த மரியே" என்று உரக்கத் தொடங்கி, முதல் பாதியோடு நிறுத்துகிறாள். மறுபாதியை, கேட்டுக்கொண்டிருப்பவர்கள்தானே சொல்ல வேண்டும்? மாமாவும் வாயைத் திறக்காமல் காத்திருக்கிறார். பனிக்குள் எங்கிருந்தோ ரெக்ஸனின் கரகரத்த குரல், "புனித மரியே" என்று மறுபாதியைத் தொடங்குகிறது.