தனிக்குடித்தனக் கடன்

அறுபது வயதில் முதன்முதலாக வீடு வாங்க, திருப்பத்தூர் கூட்டுறவுச் சங்கத்தில் அடமானக் கடன் கேட்டு வந்திருந்தார் புதூர்நாடு சக்கரவர்த்தி. கூடவே மனைவி பாஞ்சாலை.

"இந்த வயசுல தனி வூடு எதுக்குங்க? மருமவ சரியில்லையா?" என்றார் காரியதரிசி சத்தார்.

"என் மருமவ தங்கம்!" சக்கரவர்த்தி நாற்காலியில் நிமிர்ந்தார். "எங்க வூட்டுல சண்டைன்னு யாரும் சொன்னதில்லிங்க பாய்."

பாஞ்சாலை தரையைப் பார்த்தாள்.

"அப்ப சரி. ஆனா வயசாயிடுச்சே, வூட்டை அடமானம் வெச்சா மட்டும் பத்தாது. ஜாமீனும் வேணும். உங்களுக்குப் புளியந்தோப்பு இருக்குதில்ல, அது யார் பேர்ல இருக்கோ, அவங்க வந்து கைநாட்டு வெக்கணும்."

சக்கரவர்த்திக்கு வியர்த்துவிட்டது. இத்தனை காலம் கட்டிக்காத்த குடும்ப மானம் கப்பலேறப் போகிறது. வேறு வழியில்லை.

மறுவாரம் தோப்புக்காரி ஜீப்பில் வந்து இறங்கினாள். சக்கரவர்த்தியின் தாய் எல்லம்மாள், எண்பது வயது.

"உள்ள வந்து வாயத் தொறக்காதம்மா" என்று மகன் கெஞ்சியதை அவள் காதில் வாங்கவில்லை. சத்தார் கேட்குமுன்பே கட்டைவிரலில் மையைத் தடவிக்கொண்டாள்.

"எங்க வெக்கணும் பாய்?" பாஞ்சாலையைக் கைகாட்டினாள். "இவள தனியா அனுப்புன்னு நாப்பது வருசமா சாமிய வேண்டிக்கினு கீறேன்."

"நானுந்தான் அத்தே" என்றாள் பாஞ்சாலை.