கால் மைலுக்கு எத்தனை விநாடி

1968. சோழவரம் கார் பந்தயத்துக்கு நான்கு நாள் இருந்தது. மெக்கானிக் உமாபதி செவிலிமேட்டுச் சாலையில் தன் காரை ஓட்டிப் பார்த்தான். கால் மைல் தள்ளி அவன் மனைவி, கணக்கு டீச்சர் தையல்நாயகி, ஸ்டாப்வாட்சோடு நின்றாள்.

முதல் ஓட்டம் இருபது விநாடி. அடுத்தது இருபதே முக்கால். மூன்றாவது இருபத்தொன்றரை. உமாபதி காரை அவளருகே நிறுத்தினான். எஞ்சினில் குறையில்லை. வண்டி வேகமெடுத்த அளவை அவள் நோட்டில் கணக்கிட்டாள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு, ஒவ்வொரு ஓட்டத்திலும் ஓர் ஆள் எடை கூடியிருந்தது. மறுபடி போட்டாள். அதே விடை.

"வேற யாரையாவது ஏத்திக்கினீங்களா?"

"நான் மட்டுந்தான் இருக்கேன். ஏன் கேக்குற?"

"மொதல்ல எறங்குங்க."

அவள் முகத்தைப் பார்த்து உடனே இறங்கினான். காலியான காரின் பின்பக்கம் அமுங்கியே இருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடதுபுறம் மட்டும் மெல்ல உயர்ந்தது.