பூனை குடியிருந்த அட்டைப்பெட்டி

டிவி வந்த அட்டைப்பெட்டி ஒன்று பரணில் சும்மா கிடந்தது. ஒரு நாள் சாம்பல் பூனை அதற்குள் மூன்று குட்டி போட்டது. பெட்டிக்குப் பெருமை பிடிபடவில்லை. ஜன்னலுக்கு வந்த காக்கையிடம், "நம்ம வீட்ல மூணு குழந்தைங்க!" என்றது. அணிலிடமும் சொன்னது. பல்லியைக் கூப்பிட்டே காட்டியது.

மூன்றாம் நாள் காலையில் பூனை ஒரு குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு இறங்கிப் போனது. திரும்பி வந்து இரண்டாவதையும் கவ்வியது.

பெட்டிக்கு மனசு ஆறவில்லை. "நான் என்னக்கா குறை வெச்சேன்? குளிர் அண்ட விட்டேனா?"

குட்டியைக் கவ்விய வாயால் பூனை எப்படிப் பதில் சொல்லும்? இறங்கிப் போய்விட்டது.

கடைசிக் குட்டியையாவது விடக்கூடாது என்று பெட்டி தன் மூடிகளை இறுக மடித்துக்கொண்டது.

அப்போது பரண்மேல் தாவி ஏறியது, குட்டிகளைக் கண்டால் விட்டுவைக்காத கடுவன் பூனை.

"இங்கே குட்டிங்க இருக்காமே? காக்கா சொல்லிச்சு."

பெட்டி மூடிகளை இன்னும் இறுக்கிக்கொண்டது. உள்ளே குட்டி தூங்கிக்கொண்டிருந்தது.

"இருந்துச்சு. அவ தூக்கிட்டுப் போயிட்டா."

"வாசனை அடிக்குதே?"

"காலைவரைக்கும் இங்கதானே கிடந்துச்சுங்க."

கடுவன் முனகிக்கொண்டே இறங்கிப் போனது.

தாய் வந்ததும் பெட்டி தானாகத் திறந்துகொண்டது. பூனைக்கே பாவமாகிவிட்டது. "மனசுல வெச்சுக்காதே. அதுங்களை எங்கே வெச்சிருக்கேன்னா..." என்று ஆரம்பித்தது.

"ஐயோ அக்கா, என்கிட்ட மட்டும் சொல்லிடாதே!" என்றது பெட்டி.