ஆள் பார்த்துப் பாடும் பெட்டி

“நம்ம கம்ப்யூட்டர் வாசல்ல வர்ற ஆளோட மூஞ்சியப் பார்த்தே அவங்களுக்குப் புடிச்ச பாட்டைப் போடுதுடா,” என்று செம்பாக்கம் ஏரிக்கே கேட்கும்படி அறிவித்தார் துளசிங்கம்.

மகன் தீனா சிரித்தான். வீட்டிலிருந்த பாட்டையெல்லாம் அதில் ஏற்றி, ராக்கெட் விடத் தேவையான அத்தனை பட்டனும் வைத்து மென்பொருள் எழுதியவன் அவன்தான்.

“கதை வுடாதப்பா. அம்மாவுக்கு அதுல ஒரு பாட்டு போடத் தெரியல. இங்க அது சும்மா தூங்குறதுக்கு, பள்ளிக்கரணைல என் வூட்டுக்கு நானே எடுத்துனு போறேன்.”

“செத்த இரு. பக்கத்து வூட்டு ஹேமாவதி வர்றா பாரு.”

அவள் படியேறியதும் கூடத்து ஸ்பீக்கரில் ஒரு தாலாட்டு கிளம்பியது. “ஐய, என் பாட்டு,” என்று அப்படியே நின்றுவிட்டாள். அடுத்து வந்த கேஸ்காரருக்குக் குத்துப்பாட்டு. சிலிண்டரிலேயே தாளம் போட்டார்.

கேமராவைத் தேடிய தீனா, ஸ்பீக்கர் ஒயரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனான். அங்கே கம்ப்யூட்டர் முன்னால், ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தபடி, கையில் மவுஸோடு அம்மா ஜெயக்கொடி. திரையில் ஆல்பம், ஃபோல்டர் எதுவுமில்லை. எல்லாம் தெரிந்தவர்களின் போட்டோக்கள்.

“பாட்டு பேரு, படத்து பேரெல்லாம் எனக்கு எங்கடா ஞாபகம் வருது? யாருக்கு எது புடிக்கும்னுதான் தெரியும். அப்பா அதும்படி மாத்திக் குடுத்தாரு.”

அவள் தீனாவின் போட்டோவை அமுக்கினாள். சரியான பாட்டுதான் வந்தது.

தீனா முழுப் பாட்டையும் கேட்டான். பிறகு கூடத்தைப் பார்த்துச் சொன்னான்: “நிசம்தாம்பா, ஆளைப் பார்த்துத்தான் போடுது. இங்கியே இருக்கட்டும்.”