மஞ்சள் கோடு

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து அவன் செய்த தப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒன்றாவது இருக்கும். இருந்தே ஆக வேண்டும்.

மேலே ஓட்டுகிற சீட்டில் என் தங்கை. அவளுடைய வண்டி இது. மலைப்பாதையில் சாமான் ஏற்றிப் போவதற்காக நானும் அவளும் சேர்ந்து மூன்று வருடத்துக்கு முன்னால் என் பட்டறையில் மாற்றிக் கட்டினோம். பாடியை உயர்த்தி, என் இடுப்பளவுக்கு டயர் போட்டோம். அவ்வளவு பெரிய டயரைத் திருப்புவதற்குப் பவர் ஸ்டீயரிங் படாத பாடு படும். இப்போது எங்கிருந்தோ அதன் ஆயில் ஒழுகுகிறது.

போன வருடம் நான் காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தபோது, தெருக்கோடியில் புதிதாகப் பட்டறை போட்டவனிடம் வண்டியைக் கொண்டுபோனாள். நான் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் அவனிடமே போனாள்.

நான் அவனை டாக்டர் என்றுதான் சொல்வது. கையில் கிளவுஸ் மாட்டாமல் ஒரு போல்ட்டைத் தொட மாட்டான். ஆபரேஷன் பண்ணுகிறான் என்று நினைப்பு.

அவள் வாயைத் திறந்தால் ‘அவரு சொன்னாரு’தான். இத்தனை வருடம் நான் சொன்னதையெல்லாம் யாரிடம் போய் இப்படிச் சொன்னாளோ.

இப்போது அவனையே கட்டிக்கொள்ளப் போகிறாளாம். ஆனால் நான் சரி என்று சொன்னால்தானாம். அப்பா இல்லாத வீட்டில் அவளை வளர்த்தவன் நான். ஒரு மாதமாகப் பார்க்கலாம், பார்க்கலாம் என்று இழுத்தடித்தேன். கடைசியில், ஒரு ஆள் முறுக்கின நட்டைப் பார்த்தாலே அவன் எப்பேர்ப்பட்டவன் என்று தெரிந்துவிடும், வண்டியைக் கொண்டுவா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இன்று காலை கொண்டுவந்தாள். ஆயில் ஒழுகுகிறது என்றாள். எனக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

ஸ்டீயரிங் பக்கம் முழுவதையும் கழுவித் துடைத்துக் காயவிட்டேன். முகத்துக்குப் போடுகிற பவுடரை எல்லா மூட்டிலும் தூவினேன். இனி எஞ்சினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பினால், ஆயில் எங்கே கிளம்புகிறதோ அங்கே பவுடர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

திருப்பச் சொன்னேன். திருப்பினாள்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். யார் வேலை எது என்பதில் குழப்பமே வராது. நட்டை முறுக்கி முடித்ததும் நட்டையும் அது உட்காருகிற இடத்தையும் சேர்த்துப் பெயிண்டில் ஒரு கோடு இழுப்போம், பின்னால் தளர்ந்தால் கோடு விலகித் தெரியும். என் கோடு மஞ்சள். அவனுடையது வெள்ளை.

எங்கே பார்த்தாலும் வெள்ளை. என் வீட்டுச் சுவரில் எவனோ பேர் எழுதிவைத்த மாதிரி இருந்தது.

ஒரு கோடாவது விலகியிருக்கக் கூடாதா? இல்லை. ஹோஸ்கள் டயரில் உரசாதபடி ஒரு வளைவு கொடுத்துக் கட்டியிருந்தான். எனக்கே தோன்றாத வளைவு. வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன.

ஸ்டீயரிங் பாக்ஸ் காய்ந்து கிடந்தது. ஹோஸ் மூட்டுகளில் பவுடர் போட்டது போட்டபடி இருந்தது.

பிறகு பம்ப்பைப் பார்த்தேன்.

பம்ப்பிலிருந்து ஹோஸ் கிளம்புகிற மூட்டில் பவுடர் கரைந்து ஒரு சொட்டு திரண்டு நின்றது. மூட்டின் மேலே இருந்த கோடு மஞ்சள்.

வண்டியில் அவன் கை வைக்காத ஒரே மூட்டு. அந்த மூட்டை இறுக்குகிற போல்ட்டில், ஹோஸ் முனைக்கு இரண்டு பக்கமும் செம்பு வாஷர் வரும். ஒருமுறை நசுங்கினது மறுமுறை அடைக்காது, கழற்றினால் புதுசுதான் போட வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். காய்ச்சலுக்கு முன்னால் நான் பம்ப்பைக் கழற்றி மாட்டிய அன்று கையில் புதுசு இல்லை. பழசையே தேய்த்துப் போட்டேன். யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன்.

“என்னண்ணா, தெரிஞ்சுதா?”

உண்மையைச் சொன்னால் அவள் போய்விடுவாள். அது ஒன்றுதான் அப்போது மனசில் இருந்தது.

“தெரிஞ்சுது. உன் டாக்டர் போட்ட மூட்டுதான் ஒழுகுது.”

எஞ்சினை அணைத்தாள். அவனுக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை.

நான் வெளியே வந்து, கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிவர வேண்டும் என்றேன். அவள் டேஷ்போர்டைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

“கடைக்கெல்லாம் வேணாம்ணா. இது போதும்னு நேத்தே குடுத்துவிட்டாரு.”

பிரித்தேன். இரண்டு செம்பு வாஷர், புத்தம் புதுசு.

இந்த அளவு வாஷர் உட்காருகிற இடம் இந்த வண்டியில் ஒன்றே ஒன்றுதான். அது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து என் பட்டறையில் உட்கார்ந்து வாஷர்களை அளவுவாரியாக டப்பாவில் பிரித்துப் போட்டவள் அவள். அவளுக்கும் தெரியும்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. வாஷர்களை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டேன்.

அவள் துடைக்கிற துணியை எடுத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் அவர்கிட்ட என்ன சொல்லட்டும் என்றாள்.

மறுபடி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது. சரி என்று சொல்லு என்றேன்.

எஞ்சின் ஓடவில்லை, தெருவில் சத்தமும் இல்லை. காது கேட்கவில்லை என்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.